புதுப்பிப்பு: தோட்டத் தண்ணீருக்கும் கழிவுநீர்க் கட்டணமா?

செடிக்கு ஊற்றும் தண்ணீருக்கும் கழிவுநீர்க் கட்டணம் ஏன் என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

'தோட்டக் குழாய்க்குத் தனி மீட்டர் வையுங்கள்' என்ற யோசனைதான் பலித்தது. வீட்டிலிருந்து சாக்கடைக்குப் போவதை யாரும் அளப்பதில்லை; உள்ளே வரும் தண்ணீரின் மீட்டரை வைத்தே கணக்கு. துணை மீட்டரின் இரண்டு மாத அளவைப் படம் எடுத்துக் கொடுத்ததும் கழித்துவிட்டார்கள்.

எதிர்பாராதது: மழைநீர் வடிகாலுக்கென்று பில்லில் தனிக் கட்டணம். அதற்கு மீட்டர் கிடையாது, கூரையும் சிமெண்ட் தளமும் எத்தனை சதுர மீட்டர் என்பதுதான் கணக்கு. எங்கள் கூரைத் தண்ணீரோ உறிஞ்சுகுழிக்குத்தான் இறங்குகிறது! அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை.

அப்புறம், சாயப்பட்டறை பற்றிக் கேட்டவருக்கு: தொழிற்கழிவுநீருக்கு அளவு மட்டுமல்ல, அழுக்கும் கணக்கு. சிஓடி (தண்ணீரிலுள்ள அழுக்கை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) கூடினால் கட்டணமும் கூடும்.