கடைக்கு டிஜிட்டல் மெனு போர்டு: வீட்டு டிவி போதுமா, கமர்ஷியல் டிஸ்ப்ளேதான் வேண்டுமா?

புதுக்கடை கேட்டது:

வணக்கம். சின்னதாக ஒரு கஃபே திறக்கும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. கவுன்டருக்குப் பின்சுவரில் மூன்று 43 இன்ச் திரைகளை வரிசையாக மாட்டலாம் என்று யோசனை. நான்காவது ஒன்றைத் தெருவைப் பார்த்த கண்ணாடிக்கு உள்பக்கம் செங்குத்தாக நிறுத்த ஆசை. மெனுவில் 60 அயிட்டம் வரும். காலை, மதியம், மாலை என்று மாறும்.

ஒரு கம்பெனிக்காரர் வந்து அளவெடுத்துப் போனார். நான்குமே கமர்ஷியல் டிஸ்ப்ளே (கடைகளுக்கென்றே செய்த திரை), மென்பொருளுக்குத் திரைக்குத் திரை மாதச் சந்தா, 4கே, அனிமேஷன், வானிலை பார்த்து மெனு தானாக மாறும் என்று அடுக்கினார். கொட்டேஷன் வந்ததும் தலை சுற்றிவிட்டது. என் மச்சானோ, “நாலு வீட்டு டிவியை வாங்கு, பென்டிரைவைச் செருகு, வேலை முடிந்தது” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஏணியும்_ட்ரில்லும் எழுதியது:

திரை மாட்டுவதுதான் எனக்குத் தொழில். உங்கள் மச்சானையும் தெரியும், அந்தக் கம்பெனிக்காரரையும் தெரியும். ஆள் வேறாக இருக்கலாம், பேச்சு ஒன்றுதான்.

முதலில் நான்கையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். கண்ணாடியோரத் திரை தனிக் கதை. சாதாரண வீட்டு டிவியின் வெளிச்சம் பெரும்பாலும் 250 முதல் 350 நிட்ஸ்தான் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு அது). அறைக்குள் அது தாராளம். பகல் வெளிச்சத்தைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தினால், வெளியே நிற்பவருக்குத் தன் முகம்தான் தெரியும். அந்த இடத்துக்கு 2,000 நிட்ஸுக்கு மேல் வேண்டும், 2,500 என்றால் நிம்மதி. வெயில் நேராக விழுந்தால் இன்னொரு வம்பும் உண்டு. பேனலுக்குள் இருக்கும் திரவப் படிகம் ஓர் அளவுக்கு மேல் சூடானால் தன் ஒழுங்கை இழந்துவிடும், திரையில் திட்டுத்திட்டாகக் கருப்பு படியும். குளிர்ந்ததும் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும், ஆனால் கூட்டம் வருகிற நேரமும் வெயில் நேரமும் ஒன்றாகவே அமையும். ஜன்னலுக்கென்று செய்த டிஸ்ப்ளேக்களில் 110 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் பேனல் போடுகிறார்கள். வீட்டு டிவியைச் செங்குத்தாகத் திருப்பினால் சூடு வெளியேறும் வழியும் கெட்டுப்போகும். எனவே நான்காவது திரைக்குக் கம்பெனிக்காரர் சொல்வதைக் கேளுங்கள். காசு இல்லையென்றால் அந்த இடத்தில் நல்ல அச்சுப் போஸ்டர் ஒட்டுங்கள். மங்கிப்போன திரையைவிட அது எவ்வளவோ மேல்.

உள்ளே மூன்றுக்கும் வீட்டு டிவி ஓடும். ஆனால் மச்சான் சொல்லாத சில விஷயங்கள் இருக்கின்றன.

வீட்டு டிவி கரண்ட் போய் வந்தால் பல மாடல்களில் தானாக எரியாது, ஸ்டாண்ட்பையில் சிவப்பு விளக்கோடு உட்கார்ந்திருக்கும். தினமும் கடை திறக்கும்போது ஒருவர் மூன்று திரைக்கும் ரிமோட்டை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றும் ஒரே மாடல் என்றால் ஒரு ரிமோட் மூன்றையும் சேர்த்து ஆட்டிவைக்கும். ஒன்று எரியும், எரிந்துகொண்டிருந்த இன்னொன்று அணையும். வாங்குவதற்கு முன்னால் கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். கமர்ஷியல் டிஸ்ப்ளேயில் கரண்ட் வந்ததும் எரிய ஒரு செட்டிங் இருக்கும், எத்தனை மணிக்கு எரிய வேண்டும், எத்தனை மணிக்கு அணைய வேண்டும் என்றும் வைத்துவிடலாம். ஒரு நாளில் 16 மணி நேரம், 24 மணி நேரம் என்று ஓடுவதற்குத்தான் அதைச் செய்கிறார்கள். வீட்டு டிவியின் வாரன்டி அட்டையைப் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் வியாபார இடத்தில் மாட்டினால் செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கும்.

அப்புறம் நான்கு மணி நேரம் யாரும் ரிமோட்டைத் தொடவில்லை என்றால் தானே அணைந்துவிடும் மின்சேமிப்பு வசதி. மெனுவில் தேடி அதை அணைத்துவிடுங்கள். படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்காட்டும் பழக்கமும் பல டிவிகளுக்கு உண்டு. சினிமா பார்க்கும்போது தெரியாது. உங்கள் வலது ஓரத்தில் இருப்பது விலை, அதில் கடைசி இலக்கம் காணாமல் போனால் கவுன்டரில் சண்டைதான். ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று ஏதாவது பெயரில் அதற்கு ஒரு செட்டிங் இருக்கும். எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினாலும் பல மாடல்களில் சரியாகிவிடும், கருப்பின் மேல் சிவப்பு எழுத்து கசிந்தாற்போல் தெரிவதும் அதோடு போகும்.

ஓஎல்இடி மட்டும் வாங்காதீர்கள். மெனு என்பது மணிக்கணக்கில் அசையாத எழுத்து, அது திரையிலேயே பதிந்துவிடும். எல்இடி பேக்லைட் உள்ள எல்சிடி போதும். அந்த பேக்லைட்டையும் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் உள்ளறைக்குச் சரியாக இருக்கும், ஆயுளும் கூடும். 4கே பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மெனு எழுத்துக்கு 1920க்கு 1080 புள்ளி, அதாவது ஃபுல் எச்டி, தாராளம்.

கல்லாவில்_நிற்பவள் எழுதியது:

அண்ணன் கம்பி, பேனல் எல்லாம் சொல்லிவிட்டார். நான் கவுன்டருக்குப் பின்னால் நின்று பில் போடுகிறவள். திரை என் முதுகுக்குப் பின்னால். அதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது, எதிரே நிற்பவரின் கண்தான் எனக்குத் தெரியும்.

பக்கம் மாறுகிற மெனு வைக்காதீர்கள். இந்த ஒன்றுக்காகவே எழுதுகிறேன். பத்து நொடிக்கு ஒரு பக்கம் என்று வைத்திருக்கிறார்கள் எங்கள் கடையில். ஒருவர் குளிர்பான வரிசையைப் படித்துக்கொண்டு வருவார், மூன்றாவது வரியில் பக்கம் போய்விடும். அவர் வாயைத் திறந்தபடி அது திரும்பி வரக் காத்திருப்பார். பின்னால் நான்கு பேர் நிற்பார்கள். கடைசியில் “உங்களிடம் என்னதான் இருக்கிறது?” என்று என்னிடம் கேட்பார். நான் வாயால் ஒப்பிக்க வேண்டும். திரை எதற்கு மாட்டினோம்?

அடிக்கடி வருகிறவர்கள் மேலே பார்ப்பதே இல்லை. புதிதாக வருகிறவர்கள் முதலில் தேடுவது விலை. அது எப்போது நிமிர்ந்தாலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். ஆட வேண்டியதை ஒரு மூலையில் ஆட விடுங்கள். ஆவி பறக்கும் காபி ஒன்று அசைந்தால் அழகுதான், யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

இன்னொன்று, ‘தீர்ந்துவிட்டது’. ஒரு பொருள் முடிந்ததும் கவுன்டரிலிருந்தே, போனிலோ பில் மெஷினிலோ, ஒரு தட்டில் அதை மங்கலாக்க முடிகிறதா என்று கேளுங்கள். யாராவது லேப்டாப்பைத் திறந்து டிசைனை மாற்றி ஏற்ற வேண்டும் என்றால் அது நடக்கவே நடக்காது. விலையும் அப்படியே. பில் மெஷினில் ஒரு விலை, திரையில் ஒரு விலை என்றால் திட்டு வாங்குவது நாங்கள். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தால் புண்ணியமாகப் போகும்.

வரிவடிவம் எழுதியது:

அக்கா சொன்னதை அளவில் காட்டுகிறேன், மெனு டிசைன் செய்பவன் நான். வசதியாகப் படிக்க 3 மீட்டர் தூரத்துக்கு எழுத்து 2.5 செ.மீ. உயரம் என்பது விளம்பரப் பலகைக்காரர்களின் பழைய கணக்கு. அதில் பாதிவரை இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். 43 இன்ச் திரையின் உயரம் சுமார் 53 செ.மீ., அதில் 1080 புள்ளி. ஆக 2.5 செ.மீ. என்பது ஏறக்குறைய 50 புள்ளி. தமிழில் எழுதினால் மேலே இகரச் சுழி, கீழே உகர வால் எல்லாம் இடம் கேட்கும், வரிக்கு வரி 100 புள்ளியாவது விடுங்கள். திரைக்குப் பத்து வரி. தலைப்புக்கு ஒன்று போனால் ஒன்பது. இரண்டு பத்தியாகப் பிரித்தால் 18, மூன்று திரைக்கும் 54.

60 அயிட்டம் அதில் அடங்காது. ஆனால் காலையில் எல்லா அயிட்டமும் கிடைக்காது அல்லவா? அந்தந்த நேரத்தில் இருப்பதை மட்டும் காட்டினால் இரண்டு திரையே போதும், மூன்றாவதைப் படத்துக்கு விடலாம். கம்பெனிக்காரர் சொன்னதில் உங்களுக்கு உண்மையிலேயே உதவுவது நேரத்துக்கு மெனு மாற்றுவது ஒன்றுதான். வானிலை எல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம். மெக்டொனால்ட்ஸ் 2019ல் டைனமிக் யீல்ட் என்ற நிறுவனத்தையே வாங்கியது அதற்காகத்தான்: நேரம், வானிலை, கூட்டம் பார்த்து டிரைவ் த்ரூ (காரில் உட்கார்ந்தபடியே வாங்கும் வரிசை) பலகை மாறுவதற்கு. பிறகு அதை மாஸ்டர்கார்டுக்கு விற்றுவிட்டது. ஆயிரக்கணக்கான கடை இருந்தால் அந்தக் கணக்குப் பலிக்கலாம். வெயிலடித்தால் குளிர்பானத்தை மேலே காட்டலாம் என்பது உங்களுக்கே தெரியாதா என்ன?

விலையைத் திரை தானாக மாற்றும் என்று யாராவது ஆசை காட்டினால் 2024 பிப்ரவரியில் வெண்டிஸ் என்ற அமெரிக்க பர்கர் நிறுவனம் பட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் பலகை வைத்து நேரத்துக்கேற்ற விலையைச் சோதிக்கப்போவதாக அதன் தலைமை அதிகாரி சொல்ல, கூட்ட நேரத்தில் விலை ஏற்றப்போகிறார்கள் என்று அமெரிக்கா முழுக்க ஒரே கூச்சல். அப்படி ஏற்றும் திட்டமே இல்லை என்று நிறுவனம் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

டிசைன் முடிந்ததும் அதே அளவில் தாளில் அச்சடித்து அதே உயரத்தில் ஒட்டி, வரிசையின் கடைசியில் நின்று படித்துப் பாருங்கள். லேப்டாப்பில் அழகாகத் தெரிவது ஒன்றும் அத்தாட்சி இல்லை.

புதுக்கடை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஜன்னலுக்கு மட்டும் கமர்ஷியல், உள்ளே வீட்டு டிவி என்று முடிவுக்கு வந்திருக்கிறேன். பக்கம் மாறாது அக்கா, வாக்கு. கடைசியாக ஒன்று: படத்தை அனுப்ப எது நல்லது? பென்டிரைவா, ஆண்ட்ராய்ட் பாக்ஸா, ராஸ்பெர்ரி பை என்கிறார்களே, அந்தக் கையகலக் கம்ப்யூட்டரா? சந்தா கட்டாமல் முடியுமா?

ஏணியும்_ட்ரில்லும் எழுதியது:

பென்டிரைவ் ஒரே மெனு நாள் முழுக்க ஓடும் கடைக்குச் சரி. உங்களுக்கு மூன்று வேளையும் மாறுகிறது, ஏணி போட்டு ஏறி மாற்றுவீர்களா?

ராஸ்பெர்ரி பை நல்ல சாமான். பை 4ல் இரண்டு எச்டிஎம்ஐ வாய் இருக்கிறது. எச்டிஎம்ஐ வழியாகவே டிவியை எழுப்பவும் தூங்கவைக்கவும் முடியும் (டிவியில் சிஇசி என்ற வசதி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்), ரிமோட் கூத்து பாதி குறையும். ஆந்தியாஸ் போன்ற திறந்த மூல (யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம்) மென்பொருட்கள் இருக்கின்றன, சந்தா இல்லாமல் சொந்தமாக ஓட்டலாம். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் வேண்டும். மச்சான் தயாரா?

ராஸ்பெர்ரி பையில் இரண்டு விஷயம் கவனம். திடீரென்று கரண்ட் போனால் அதன் மென்பொருள் இருக்கும் எஸ்டி கார்டு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு, ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்கள். இரண்டாவது, பை 4 வரைக்கும் உள்ளே பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது, நேரத்தை இணையத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ராத்திரி கரண்ட் போய்க் காலையில் வந்தது, இணையம் மட்டும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது விட்ட இடத்திலிருந்து மணி எண்ணும். காலைக் கூட்டம் நிற்கும்போது திரையில் ராத்திரி மெனு ஓடும். பார்த்திருக்கிறேன், கடைக்காரர் பேய் புகுந்துவிட்டது என்றே நம்பினார். பை 5ல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரியை மட்டும் தனியாக வாங்கிச் செருக வேண்டும். பழைய மாடலுக்கு ஒரு ஆர்டிசி மாட்யூல் (பேட்டரியில் ஓடும் குட்டிக் கடிகாரம்) வைத்தால் தீர்ந்தது.

மெனுவை எழுத்தாக அனுப்பாமல் பிஎன்ஜி படமாக அனுப்பினால் தமிழ் ஃபான்ட் இல்லாமல் கட்டம் கட்டமாக வரும் தொல்லையும் இருக்காது. ஆனால் ‘தீர்ந்துவிட்டது’ போட அப்போது வழி இல்லை. தங்கச்சி சொன்ன மாதிரி அது வேண்டும் என்றால் வலைப்பக்கமாகத்தான் செய்ய வேண்டும், நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்டை ராஸ்பெர்ரி பையில் நிறுவிவிடுங்கள்.

சந்தாக்காரரிடமே போவதாக இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். டெமோ ஓடிக்கொண்டிருக்கும்போது ரவுட்டரைப் பிடுங்கிவிட்டு, “இப்போது என்ன ஆகும்?” என்று கேளுங்கள். நல்ல சாமான் என்றால் கடைசியாக இறக்கிவைத்ததை அப்படியே காட்டிக்கொண்டிருக்கும். அப்புறம், சந்தாவை நிறுத்தினால் அந்தப் பெட்டியை வேறு எதற்காவது பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். இந்த இரண்டாவதற்குப் பலர் பேச்சை மாற்றுவார்கள்.

சுவர் வேலை முடிவதற்குள் ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும் ஒரு பிளக் பாயின்ட்டும் ஒரு நெட்வொர்க் கேபிளும் இழுத்துவிடுங்கள். வைஃபையை நம்ப வேண்டாம், கூட்டம் வந்ததும் திணறும். பெயின்ட் அடித்த பிறகு கூப்பிட்டால் என் கூலி வேறு.