மீசோதெலியோமாவுக்கு ஒப்பரேஷன் தேவையா?

கேள்வி (வெள்ளவத்தை): நுரையீரல் உறையில் வரும் புற்றுநோயான மீசோதெலியோமாவுக்கு ஒப்பரேஷன் செய்தால் ஆயுள் கூடுமா? மூச்சு முட்டுவதற்கு என்ன வழி?

பதில் 1: கூடும் என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். 2024இல் வெளியான மார்ஸ் 2 ஆய்வில் 335 பேர். கீமோ மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 24.8 மாதம், ஒப்பரேஷனும் செய்தவர்களுக்கு 19.3. கடும் சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதேங்கோ.

பதில் 2: பயொப்ஸி அறிக்கையில் கல வகையைப் பாருங்கோ. எபிதீலியோயிட் என்ற வகை அல்லாததென்றால் நிவொலுமாப், இபிலிமுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்துகளின் சேர்க்கையில் இடைநிலை ஆயுள் 18.1 மாதம், கீமோவில் 8.8. அந்த மருந்தில் வயிற்றோட்டமோ புது இருமலோ வந்தால் அன்றைக்கே மஹரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரி டொக்டரிடம் சொல்லுங்கோ, ஸ்டீரொயிட் தேவைப்படலாம்.

பதில் 3: நுரையீரல் உறைக்குள் நீர் திரும்பத் திரும்பத் தேங்கி மூச்சு முட்டினால் டால்க் தூள் போட்டு உறையை ஒட்டலாம். நுரையீரல் விரியாவிட்டால் டால்க் பிடிக்காது, வீட்டிலேயே நீர் எடுக்கும் குழாய்தான் நல்லது.