மெல்பேர்ண் குளிரும் எங்கட மாரியும்: பள்ளிக்கூட மதிலோர மரக்கண்டுகள் பற்றி

அன்பான ஊர் உறவுகளுக்கு,

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வணக்கம். நல்லூர்த் தேருக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் சுகமாய்த் திரும்பிப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். போன கிழமை நான் ஊருக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூட மதிலோரம் நீங்கள் நட்டுவிட்டுப் போன 30 கண்டில் நாலுதான் பச்சையாய் நிற்கிறது: இரண்டு வேம்பு, ஒரு பூவரசு, ஒரு புளி. மற்றதெல்லாம் சுள்ளி. பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் மனம் சரியில்லை. அதுதான் எழுதுகிறேன்.

காவலுக்கு நிற்கிறவர் தண்ணீர் ஊற்றவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அது சரியில்லை. மனுசன் ஒன்றைவிட்ட ஒருநாள் கிணற்றில் அள்ளி வாளி வாளியாய் ஊற்றியிருக்கிறார். ஆனால் ஓகஸ்ட் மாதம் சோளகம், அதுதான் தென்மேல் காற்று, அள்ளி எறிகிற காலம். செம்மண் சுடுகிறது. நேர்சரியில் நிழலில், கறுத்தப் பொலித்தீன் பைக்குள் வளர்ந்த கண்டுக்கு வேர் ஒரு செம்பளவுதான். அந்தச் சின்ன வேர் உறிஞ்சிக் கொடுக்கிறதைவிட இலை காற்றுக்குக் கொடுக்கிற தண்ணீர் கூட. பிறகு எப்படித் தப்பும்? போன வருசமும் ஓகஸ்டில்தான் நட்டோம், அதுவும் இப்படித்தான் போனது. நாள் நாங்கள் பார்த்தது எங்கட லீவுக்கு. மரத்துக்கு ஏற்ற நாளை ஒருவரும் பார்க்கவில்லை.

இதை நான் விளங்கிக்கொண்டது மெல்பேர்ணில். மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போய் நின்றபோது அங்கே யூலை மாதம், நடுக்குளிர். பகலில் 14 பாகை, விடியற்புறம் 6, 7. ஒருநாள் தூறலுக்குள்ளே மருமகன் ஒரு கட்டுத் தடியோடு வந்தார். இலை இல்லை, வேரில் ஒரு பிடி மண்ணும் இல்லை. ஈர மரத்தூளில் வேரைச் சுற்றி வைத்திருந்தது. ஒன்று பிளம்ஸ், ஒன்று அத்தி, மூன்று ரோசா. யூன் தொடக்கம் ஓகஸ்ட் வரைக்கும் அங்கே இப்படித்தான் விற்பார்களாம். "இந்தக் குளிருக்குள்ளே ஆரும் மரம் நடுவினமோ தம்பி?" என்று கேட்டேன். "மாமி, மரம் இப்ப நித்திரை, வேர் முழிச்சிருக்கு" என்றார்.

அவர் சொன்னதை நான் கண்ணால் கண்டேன். அத்தியை வேலிக்குக் கிட்ட வைத்துவிட்டோம் என்று ஆறு கிழமை கழித்துக் கிளப்பி வேறு இடத்தில் நட்டார். மேலே ஒரு மொட்டுக்கூட விரியவில்லை. கீழே பார்த்தால் வெள்ளை வெளேரென்று புது வேர், விரல் நீளத்துக்கு. இலை உதிர்ந்த மரத்துக்குத் தண்ணீர்ச் செலவு இல்லை. நிலம் உறையாத ஊர் என்றால் மண்ணுக்குள் சூடு போதும், ஈரமும் இருக்கும். இளவேனில் வந்து இலை தண்ணீர் கேட்கத் தொடங்கும்போது வேர் தயாராய் இருக்கும். வெயில் வரட்டும் என்று காத்திருந்து நடுகிறவர்களின் மரம் இலையையும் வேரையும் ஒன்றாய் விடவேண்டி வந்து திண்டாடும்.

எங்களுக்கு இது புதுசில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பனங்கொட்டையை நினைத்துப் பாருங்கள். பாத்தி போட்டால் முளை முதலில் மேலே வருகிறதா? நேரே கீழே இறங்கிக் கிழங்கு வைக்கும். குருத்து மண்ணுக்கு மேலே தலை காட்டுகிறது அதற்குப் பிறகுதான். கார்த்திகைப்பூக் கிழங்கு கோடை முழுக்க மண்ணுக்குள் படுத்துக்கிடந்து மழையோடு எழும்பும். குளிர்நாட்டு மரத்துக்கு உறக்கம் குளிரில், எங்கட கிழங்குக்கு உறக்கம் வெயிலில். நடுகைக் காலம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: வேருக்கு வாய்ப்பும் இலைக்கு ஓய்வும் உள்ள மாதங்கள். யாழ்ப்பாணத்தில் வருசத்துக்கு ஏறத்தாழ 1,300 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வானமும் மூட்டம், வாடைக் காற்றும் குளிர்ச்சி. வட மாகாண சபை நவம்பரை மரநடுகை மாதமாய் அறிவித்ததும் இதை வைத்துத்தான்.

லண்டன் தம்பி ஒருவர் பின்வளவில் பழமரம் வைக்க ஏப்ரல் வரை பொறுக்கவேணுமோ என்று கேட்டிருந்தார். பொறுக்கத் தேவையில்லை, ராசா. அங்கே வெறும்வேர்க் கண்டு, மருமகன் கொண்டுவந்ததுபோல் வேரில் மண்ணில்லாமல் விற்கிறது, நவம்பர் முதல் மார்ச் வரை கிடைக்கும். அப்பிள், பெயார்ஸ், பிளம்ஸ், முந்திரிகைக் கொடி எல்லாம் அப்போதே நடலாம். வாங்கிவந்த உடனே வேரை ஓரிரண்டு மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிடுங்கள். காற்றுப்பட விடாதீர்கள், ஈரச் சாக்கால் மூடுங்கள். குழி அகலமாய் இருக்கட்டும், ஆழம் வேரளவு போதும். ஒட்டின இடம் மண்ணுக்கு மேலே நிற்கவேணும். மழை பெய்தாலும் நட்டவுடன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், அப்போதுதான் மண் வேரோடு ஒட்டும். பசளை போடவேண்டாம், போட்டால் இளந்தளிர் முந்திக்கொண்டு வந்து உறைபனியில் கருகும். லண்டன் களிமண்ணில் தண்ணீர் தேங்கும், அதனால் கொஞ்சம் மேடு கட்டி நடுங்கள். 2020 டிசெம்பரில் புரவிப் புயல் மழைக்கு எங்கட பள்ளமான வளவுகளில் நின்ற கண்டுகள் வேரழுகிச் செத்ததும் அதே காரணம்.

ஆனால் கறிவேப்பிலை, முருங்கை, மா, தேசி (எலுமிச்சை) என்று ஊர் ஞாபகத்தில் வாங்குகிறவற்றைக் குளிரில் நிலத்தில் வைத்துவிடாதீர்கள். அவை சூட்டுநாட்டு மரங்கள், குளிர் தாங்காதவை. குளிர்மண்ணில் வேர் அசையாது. சாடியில் வீட்டுக்குள்ளே, யன்னலோரம் வைத்திருங்கள். மெல்பேர்ண்காரர் தேசியை ஒக்டோபருக்குப் பிறகு நிலத்தில் நடலாம். ரொறன்ரோ உறவுகளுக்கு நான் சொன்னது ஒன்றும் பொருந்தாது, அங்கே நிலமே கல்லாய் உறைந்துவிடும். நீங்கள் செப்டெம்பரிலோ பனி கரைந்த பிறகோ நடுங்கள்.

கொழும்பிலும் காலம் பிழைத்தால் பிழைதான். எங்கட ஒழுங்கைக்குள் முற்றம் என்று இருக்கிறது இரண்டு பாய் விரிக்கிற இடம். கடலும் கிட்ட, உப்புக்காற்று. ஒருமுறை தைப்பொங்கல் கழிய ஊரிலிருந்து ஒட்டுக் கறுத்தக்கொழும்பான் மாங்கண்டு ஒன்று கொண்டுவந்து வைத்தேன். காலையில் குளுகுளு என்று இருக்கிறதே, நல்ல காலம் என்று நினைத்தேன். இங்கே மழை குறைந்த மாதங்கள் தையும் மாசியும்தான். மாசி முடியக் கண்டும் முடிந்தது. அடுத்ததை ஒக்டோபர் முதற் கிழமை, இடைப்பருவ மழை பிடிக்கிற நேரம் பார்த்து வைத்தேன். தை பிறக்க முதல் இரண்டு தரம் செந்தளிர் விட்டுவிட்டது. இப்போது என் தோளுயரம்.

இனி எங்கட மதிலுக்கு வருகிறேன். அந்த 26 குழியும் வீணில்லை. செத்த கண்டைப் பிடுங்கிவிட்டு, புரட்டாதிக்குள் குழை தாழ்த்து எருவும் போட்டு மூடிவைக்கலாம். அடியில் இரண்டு பொச்சுமட்டை போட்டால் ஈரம் நிற்கும். முதல் இரண்டு மழை நிலத்தை நன்றாய் நனைத்த பிறகு, ஐப்பசி நடுப்பகுதியில் நடுவோம். முழங்காலளவு கண்டு போதும். ஆளுயரக் கண்டு படத்துக்கு வடிவு, ஆனால் வேர் பிடிக்கிறது சின்னக் கண்டுதான். ஆடு கடிக்காமல் கண்டைச் சுற்றி ஓலைக்கூடு கட்டவேணும்.

அடுத்த வருசம் ஓகஸ்டில் வருகிற பிள்ளைகள் மரம் நடவேண்டாம், குழி வெட்டித் தாருங்கள். அது பெரிய வேலை, உங்கள் கைதான் வேணும். டிசெம்பர் லீவில் வரக்கூடியவர்கள் வந்து களை பிடுங்கி, சாய்ந்ததை நிமிர்த்திக் கட்டிவிடுங்கள்.

வேம்பு 12, புளி 4, மருது 4, இலுப்பை 3, நாவல் 3 என்று நினைத்திருக்கிறேன். மாற்றவேணும் என்றால் புரட்டாதி பத்துக்குள் எழுதுங்கள், நேர்சரியில் சொல்லிவைக்கவேணும். இலுப்பைக் கண்டு கிடைப்பது கொஞ்சம் கஷ்டம். கோயில் வீதி இலுப்பைக்குக் கீழே முளைத்து நிற்கிறதை மண்ணோடு எடுத்துப் பைக்கு மாற்றச் சொல்லி ஊரில் ஒரு தங்கச்சியிடம் நேற்றே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
வெள்ளவத்தை அக்கா