கண்புரைக்குச் சீன வைத்தியம் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

ஈப்போக்காரி:

அம்மாவுக்கு 71 வயது. இடது கண்ணில் புரை என்று சொன்னதும் "கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி சொன்ன பேச்சைக் கேட்டு, பழைய டவுனில் ஒரு சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம், கூட்டிப்போனேன்.

மருந்துக்கடையின் பின்பக்கம் ஒரு சின்ன மேசை. அம்மாவின் மணிக்கட்டைக் குட்டித் தலையணை ஒன்றின்மேல் வைத்து மூன்று விரலால் நாடி பார்த்தார். ஒரு கை முடித்து மறு கை. நாக்கை நீட்டச் சொன்னார். ராத்திரி எத்தனை தடவை எழுந்து போகிறீர்கள், இடுப்பு வலிக்கிறதா, காதில் இரைச்சல் உண்டா என்றெல்லாம் கேட்டார். கண்ணுக்கு ஒரு டார்ச்கூட அடிக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

பேச்சு முழுக்க மலாயில்தான். கடைசியில் "ஹாத்தி லெமா, புவா பிங்காங் லெமா" என்றார். கல்லீரல் பலவீனம், சிறுநீரகம் பலவீனம் என்று அர்த்தம். ஆனால் மலாயில் மனசையும் ஹாத்தி என்றுதானே சொல்வோம்? அம்மா மனசு என்றே எடுத்துக்கொண்டார். "பாருடி, உங்க அப்பா போனதிலிருந்து என் மனசு விட்டுப்போனதைக் கையைப் பிடித்தே சொல்லிட்டார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

கொடுத்தது குட்டிக் குட்டிக் கறுப்பு உருண்டைகள். வேளைக்கு 8, நாளைக்கு மூன்று வேளை. பெயர் ச்சி ஜூ தி ஹுவாங். மூன்று மாதம் சாப்பிட்டார். தூக்கம் நன்றாக வருகிறது, கண் எரிச்சல் குறைந்திருக்கிறது என்றார். புரை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. நான்காவது தடவை போனபோது சின்சேயே வாயைத் திறந்தார்: "கண்ணாடி உள்ளே வெளுத்துப் போச்சு. மருந்து போட்டுத் துடைக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போ." அவரே இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவராம்! இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். போகட்டும். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

குவாங்சோ ரிட்டர்ன்:

சின்சே கண்ணைப் பார்க்காததில் அவர்கள் கணக்குப்படி தப்பில்லை. சீனாவில் எம்பிபிஎஸ் படித்தபோது சீன வைத்தியம் எங்களுக்கும் ஒரு பாடம். கண்ணை ஐந்து சக்கரமாகப் பிரித்து ஒரு படம் வைத்திருப்பார்கள். இமை மண்ணீரலுக்கு, கண்ணின் ஓரங்கள் இதயத்துக்கு, வெள்ளை விழி நுரையீரலுக்கு, கருவிழி கல்லீரலுக்கு, நடுவில் இருக்கும் பாப்பா சிறுநீரகத்துக்கு. புரை விழுவது பாப்பாவுக்குப் பின்னால். அதனால் வயசாகிச் சிறுநீரகத்தின் சாரம் வற்றுகிறது, கல்லீரலின் ரத்தம் கண்ணுக்கு ஏறுவதில்லை என்று சொல்வார்கள். கல்லீரலின் வாசலே கண்தான் என்பது அவர்களுடைய பழைய வாக்கு. அந்த உருண்டையில் இருப்பது சிவப்பு கோஜிப்பழம், சாமந்திப்பூ, சிறுநீரகத்துக்கு என்று கொடுக்கும் ஆறு சரக்கு. எல்லோருக்கும் அதே மருந்து கிடையாது. செரிமானம் கெட்டுச் சோர்ந்திருப்பவருக்கு மண்ணீரலைத் தூக்கிவிடும் மருந்து, கண் சிவந்து வாய் கசப்பவருக்குக் கல்லீரல் சூட்டைத் தணிக்கும் மருந்து.

நான் உட்கார்ந்து பார்த்த சீன வைத்திய மருத்துவமனையில் அந்த டாக்டரம்மா காலையில் புரையை உடைத்து உறிஞ்சி லென்ஸ் வைப்பார். மத்தியானம் அதே நோயாளிக்குக் கண் வறட்சிக்காக மூலிகைச் சீட்டு எழுதுவார். கெண்டைக்காலின் வெளிப்பக்கம் ஊசி குத்துவதையும் பார்த்தேன். அந்த இடத்துக்குக் குவாங்மிங், அதாவது வெளிச்சம், என்று பெயர். புரைக்கா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, களைப்புக்கு என்றார்.

எனக்குப் பிடித்த கதை வேறு. தாங் அரச வம்சக் காலத்துச் சீனக் கவிஞர் பாய் ஜூயி (772–846) தன் கண் நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். மேசைமேல் இந்தியப் பௌத்த ஞானி நாகார்ஜுனர் பெயரில் வழங்கிய கண் வைத்திய நூலை விரித்தும் பயனில்லை, பெட்டியில் இருக்கும் தகரை விதை மாத்திரையை உருட்டியும் பயனில்லை, தங்க ஊசிதான் வழியோ என்று புலம்புகிறார். (நம் ஊர்ப் பக்கம் தெருவோரம் முளைக்குமே, அந்தத் தகரையேதான்.) நாகார்ஜுனர் பெயர் அங்கே எப்படிப் போனது? ஊசியால் புரையைத் தள்ளும் வித்தை இந்தியாவிலிருந்து போனது. நம் பழங்கால வைத்தியர் சுஸ்ருதர் சொன்ன முறை. பாய் ஜூயியின் நண்பர் லியு யூஷி, கண் வைத்தியம் பார்த்த ஓர் இந்தியத் துறவிக்கே கவிதை எழுதியிருக்கிறார். ஆக, மாத்திரை புரையைக் கரைக்காது என்ற சந்தேகம் சீனர்களுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறது.

அந்த ஊசியில் புரை வெளியே வராது. கண்ணுக்குள்ளேயே கீழே விழுந்து கிடக்கும். வெளிச்சம் தெரியும், ஆனால் கண் அழுத்தம், வீக்கம் என்று பின்னால் வம்பு. இந்த முறையைத் திருத்தி எடுத்தவர் சீனக் கண் டாக்டர் தாங் யூசி. 1975இல் மாவோவின் கண்ணுக்கு ஆபரேஷன் செய்தவர் அவர்தான்.

தோ பாயோ வாசி:

ஒரு எச்சரிக்கை. என் மாமனார் இதயத்துக்காக வார்ஃபரின் என்ற, இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்து சாப்பிடுபவர். கண்ணுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, தினமும் ஒரு கைப்பிடி கோஜியைக் கொதிக்கவைத்துக் குடித்திருக்கிறார். எங்களுக்கே தெரியாது. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை. ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) எகிறியிருந்தது. கோஜி வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும் என்று பிறகு மருந்தாளுநர் சொன்னார். சூப்பில் போடுகிற பழம்தானே என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

கிள்ளான் வாத்தியார்:

உங்கள் சின்சே நல்லவர். என் அண்ணனுக்கு வாய்த்தவர் "ஆறு மாசத்தில் கரையும்" என்று சொட்டு மருந்து விற்றார். பெயர் வேண்டாம். ஆறு மாசம் இரண்டு வருஷமாகிப் போனது. புரை பழுத்துப் பழுப்பேறி இறுகிவிட்டது. உடைக்கவே கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். பத்து நிமிட வேலை என்று நினைத்துப் போனோம், முக்கால் மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தோம். அதற்குள் அண்ணன் மாடிப்படியில் ஒரு தடவை விழுந்தும்விட்டார்.

பூச்சோங் தம்பி:

அக்கா, ஆபரேஷனுக்கு முன்னால் அந்த உருண்டையை நிறுத்தினீர்களா? அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

ஈப்போக்காரி:

தம்பி, போத்தலையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். லேபிள் முழுக்கச் சீன எழுத்து. அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. திரும்பக் கடைக்கு ஓடினேன். சின்சே ஒவ்வொரு சரக்கின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் முடியும்வரை வேண்டாம் என்றார் டாக்டர். மரத்துப்போகச் சொட்டு மருந்துதான் விட்டார்கள், அம்மா முழித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் கட்டுப் பிரித்ததும் முதலில் சொன்னது, "சமையலறைச் சுவர் இவ்வளவு அழுக்கா? நீ என்னதான் பண்ணுகிறாய்?"

முழங்கால் வலிக்கு இன்னும் அதே சின்சேயிடம்தான் போகிறார். போன வாரம் கண் தெளிந்து முதல் தடவை போனார். வெளியே வந்து, "ஏண்டி, இந்த ஆள் இவ்வளவு கிழவனா?" என்றார். சாமந்திப்பூ தேநீர் தினமும் நடக்கிறது. சர்க்கரை வியாதி இருப்பதால் அதில் கல்கண்டு போடக்கூடாது என்று டாக்டரும் சொன்னார், சின்சேயும் சொன்னார். அதை மட்டும் இரண்டு பேர் சொல்லியும் கேட்பதில்லை.