புணரா விதை: அபோமிக்சிஸுக்கு ஒரு சொல்

வணக்கம்.

அபோமிக்சிஸுக்கு, அதாவது ஆண் அணு சேராமலே விதைக்குள் கரு உண்டாவதற்கு, தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் போன வாரம் நான் முன்வைத்த 'தாயச்சு விதை' என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தாயைப் போலவே முளைப்பது இதற்கு மட்டும் உரிய அடையாளம் இல்லை என்று மறுத்து எழுதிய ஐயா சொன்னது முழுக்கச் சரி. பல தலைமுறையாகத் தன் மகரந்தத்தாலேயே கருவுற்று வந்த ஒரு நெல் ரகத்தின் விதையும் தாயை உரித்து வைத்தாற்போலத்தான் முளைக்கிறது, ஆனால் அந்த விதைக்குள் ஆண் அணுவும் பெண் அணுவான அண்டமும் முறைப்படி சேர்ந்துதான் கரு உண்டாகியிருக்கிறது. விளைவு ஒன்று, வந்த வழி வேறு. நமக்குப் பெயர் வேண்டியது அந்த வழிக்குத்தான். இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

புதிதாக இழையில் சேர்ந்தவர்களுக்காக, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஆரஞ்சு வகையில் ஒரு மாண்டரின் பழத்து விதையை எடுத்து ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, மேல் தோலை நகத்தால் கீறி உரித்து, உள்ளே இருக்கும் மெல்லிய பழுப்புத் தோலையும் எடுத்துவிட்டுப் பருப்பைப் பிரித்துப் பாருங்கள். பச்சைநிற விதையிலைகள் இரண்டு மட்டும் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். பல விதைகளில் அப்படி இருக்காது. ஒன்று பெரிதாக, அதன் இடுக்கில் இன்னொன்று சிறியதாக, மூலையில் கடுகளவுக்கு வேறொன்று என்று கருக்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். அதனால்தான் ஒரு விதை போட்ட குழியில் இரண்டு மூன்று நாற்றுகள் தலைகாட்டுகின்றன. அவற்றில் ஒன்று மகரந்தம் வந்து சேர்ந்ததால் உண்டான கருவாக இருக்கலாம். மற்றவை, பூவில் விதையாக மாறும் பகுதியான சூலுக்குள் இருக்கும் சூல்திசுவின் செல்களிலிருந்தே, எந்த ஆண் அணுவின் பங்கும் இல்லாமல் கிளம்பியவை. தாயின் உடம்புச் செல்லே கருவாகி விதைக்குள் உட்கார்ந்துகொண்டது. மாமரத்தில் சில ரகங்களிலும் இதே கதைதான். தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்ளர் 1908இல் இதற்கு அபோமிக்சிஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் கலத்தலிலிருந்து விலகியது என்று பொருள்.

இப்போது நம் பாடநூல்களில் புழங்கும் 'கருவுறா இனப்பெருக்கம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். இதையே வைத்துக்கொள்ளலாம், பழகிவிட்டது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். பழகிவிட்டது உண்மை. ஆனால் கருவுறா விதை என்று ஒருவர் வாயால் சொல்லிப் பார்த்தால் காதில் என்ன விழுகிறது? கரு இல்லாத விதை, பதர். இங்கே இருப்பதோ அதற்கு நேர்மாறு, ஒரு கரு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருக்கிறது! கருவுறுதல் என்ற நம் சொல் இரண்டு வேலை செய்வதால் வரும் வினை இது. அணுக்கள் இணைவதையும் அதுவே சொல்கிறது, கரு உண்டாவதையும் அதுவே சொல்கிறது. மற்ற இடங்களில் இரண்டும் அடுத்தடுத்து நடப்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. இணையாமலே கரு உண்டாகும் இந்த ஒரு இடத்தில் சொல் உடைந்துபோகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல், அதே 'கருவுறா' வாழைப்பழத்துக்கும் போய் ஒட்டிக்கொண்டிருப்பது. நாம் உண்ணும் வாழையில் பெரும்பாலானவற்றுக்கு 11 வீதம் மூன்று தொகுதி, மொத்தம் 33 குரோமோசோம். மஞ்சள் பூப் பூக்கும் டேண்டிலையன் என்ற களைச்செடியில் பலவற்றுக்கு 8 வீதம் மூன்று தொகுதி, 24. மூன்று தொகுதி இருந்தால் குன்றல் பகுப்பில், அதாவது ஆண், பெண் அணுக்கள் உண்டாகக் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவில், ஜோடி சேர்வது குழம்பிவிடும், ஆகவே இரண்டுமே ஒழுங்கான பாலணுக்களை உண்டாக்கத் திணறும் செடிகள். இங்கிருந்து இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. வாழை விதையே இல்லாமல் பழத்தை மட்டும் உண்டாக்குகிறது. டேண்டிலையன் அணுச் சேர்க்கையை விட்டுவிட்டு, தாய்ச்செல்லிலிருந்து கொத்துக் கொத்தாக முளைக்கும் விதைகளை உண்டாக்கிக் காற்றில் பறக்கவிடுகிறது. ஒன்றைக் கருவுறாக் கனி என்கிறோம், மற்றொன்றைக் கருவுறா இனப்பெருக்கம் என்கிறோம். தேர்வுத் தாள் திருத்தியவர்கள் யாராவது இங்கே இருந்தால் மாணவர்கள் இதை எப்படிக் குழப்புகிறார்கள் என்று சொல்லட்டும், நான் பார்த்த வரையில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே மாற்றி எழுதுகிறார்கள்.

'கலப்பிலா விதை' கிரேக்க மூலத்துக்கு நெருக்கமானது என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். மூலத்துக்கு நெருக்கம்தான், ஆனால் விதை விஷயத்தில் கலப்பு என்ற சொல் ஏற்கெனவே வேறு இருவருக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டது. விதைப் பரிசோதனை செய்பவருக்குக் கலப்பு என்றால் வேறு ரகம் கலந்திருப்பது. பயிர்ப் பெருக்கம் செய்பவருக்குக் கலப்பு என்றால் கலப்பினம். இந்த ஆராய்ச்சியின் பெரிய கனவே வீரிய ஒட்டு ரகத்தின் குணம் அடுத்த தலைமுறையில் சிதறாமல் நிலைக்க வேண்டும் என்பதுதான். 2018 கடைசியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வெங்கடேசன் சுந்தரேசன் குழுவினர் நெல்லில் குன்றல் பகுப்பை நிறுத்தி, அண்டத்தில் ஒரு மரபணுவை விழிக்கவைத்து, ஆண் அணுவின் பங்கில்லாத கருவோடு விதை எடுத்துக் காட்டினார்கள். அப்படியானால் நாளைக்கு 'கலப்பினத்தின் கலப்பிலா விதை' என்று எழுத வேண்டி வரும். அதைப் படிக்கும் விவசாயி என்ன நினைப்பார்?

இன்னொரு யோசனையான 'பாலிலா விதை' பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. பாலிலா இனப்பெருக்கத்தில் கிழங்கு, கரணை, பதியம், பக்கக்கன்று எல்லாம் அடக்கம், விதை மட்டும் தனித்துத் தெரியாது. அப்புறம், கதிர் பால் பிடிப்பது என்று நம்மிடம் ஒரு வழக்கு இருக்கும்போது பால் இல்லாத விதை என்றால் மறுபடியும் பதர்தான் நினைவுக்கு வரும்.

ஆகவே என் முன்மொழிவு: புணரா விதை. உள்ளே இருக்கும் கருவுக்குப் புணராக் கரு, நிகழ்வுக்குப் புணரா விதையாக்கம்.

இலங்கைப் பாடநூல்களில் பாலணுவுக்குப் 'புணரி' என்று நெடுநாளாக எழுதுகிறார்கள், அவை இணைந்து வருவது நுகம். இந்தக் குடும்பத்தோடு புணரா விதை இயல்பாக உட்கார்ந்துகொள்கிறது: புணரிகள் புணரவில்லை, விதை உண்டானது. கரு இருக்கிறதா என்ற கேள்வியைச் சொல் தொடவே இல்லை, அதனால் புணராக் கரு என்று முரண்பாடில்லாமல் சொல்ல முடிகிறது. கரு எப்படிப் புணரும், புணர்வது அணுக்கள் அல்லவா என்று இலக்கணம் அறிந்த நண்பர் ஒருவர் தனி மடலில் கேட்டார். உண்ணாநோன்பில் உண்ணாதது நோன்பா? துஞ்சா இரவில் துஞ்சாதது இரவா? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் இந்தச் சுதந்திரத்தை நமக்குத் தருகிறது, அதைப் பயன்படுத்திக்கொள்வோம்.

வகுப்பில் ஆசிரியர்கள் கூச்சப்படுவார்கள் என்பது இன்னொரு மறுப்பு. அதே வகுப்பில், அடுத்த மணி நேரத்தில், புணர்ச்சி விதி என்று தமிழாசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார், நிலைமொழியும் வருமொழியும் புணர்கின்றன என்று சொல்லிக்கொடுக்கிறார், ஒருவரும் நெளிவதில்லை. உண்மையில் எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்கே அதுதான் காரணம். இரண்டு சொற்கள் இணைந்து ஒன்றாவதும் இரண்டு அணுக்கள் இணைந்து ஒன்றாவதும் ஒரே வினைச்சொல்லில் நிற்பது வேறு எத்தனை மொழிக்கு வாய்க்கும்!

கடினமான மறுப்பு ஒன்று உண்டு, அதை நானே எழுப்பிவிடுகிறேன். ஆரஞ்சு வகைகளிலும் பல புற்களிலும் கரு தாய்ச்செல்லிலிருந்து வந்தாலும், அதற்கு உணவாகும் கருவூண் உண்டாக மகரந்தம் வந்தே ஆக வேண்டும். ஓர் ஆண் அணு, சூலுக்குள் அண்டத்தோடு இருக்கும் துருவ உட்கருக்களோடு சேர்ந்தால்தான் கருவூண். அப்போது அந்த விதையில் சேர்க்கையே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 'மகரந்தமிலா விதை' என்ற யோசனையை நான் ஏற்காததும் இதனால்தான். இந்த இடத்தில் புணராக்கரு விதை என்று முழுதாக எழுதுவதே துல்லியம், புணரா விதை அதன் சுருக்கம் என்று வரையறையில் ஒரு வரி போட்டுவிடலாம்.

சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்று கேட்டவருக்கு மெண்டல் கதையைச் சொல்கிறேன். பட்டாணிக் கட்டுரை 1866இல் அச்சானது. பிறகு அவர் தாவரவியலாளர் நேகெலியோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டு டேண்டிலையனின் உறவான ஹைராசியம் என்ற செடியில் இறங்கினார். கண்ணுக்கு எட்டாத சின்னஞ்சிறு பூக்களில் கலப்புச் செய்து, கண் வலிக்க வலிக்க உழைத்தார். பட்டாணியில் பிரிந்த பண்புகள் இங்கே பிரியவே இல்லை. கலப்பினத்தின் பிள்ளைகள் எல்லாம் கலப்பினத்தைப் போலவே வந்தன. அந்த முடிவையும் நேர்மையாக வெளியிட்டார். 1884இல் இறந்தும் போனார். 1903இல்தான் டென்மார்க்கில் தாவரவியலாளர்கள் ரௌங்கியரும் ஓஸ்டன்ஃபெல்டும், விரியாத மொட்டுத் தலையின் மேல்பாதியைக் கத்தியால் சீவி, மகரந்தப் பையையும் சூல்முடியையும் ஒரே வீச்சில் அகற்றிவிட்டு, மிச்சத்தில் விதை பிடிப்பதைக் காட்டினார்கள். மெண்டலின் கையில் இருந்ததில் பெரும்பகுதி புணரா விதை. அவர் விதி பொய்க்கவில்லை, அந்த விதைகளில் விதி வேலை செய்ய இணைவே நடக்கவில்லை. இப்படி ஒரு நிகழ்வு இருக்கிறது என்பதற்கு அன்று அவர் கையில் ஒரு பெயர் இல்லை.

விலங்குகளுக்கு இதை நீட்ட வேண்டாம் என்பது என் கருத்து. விந்தணு சேராமலே முட்டை வளர்வதற்கு அங்கே வழங்கும் 'கன்னி இனப்பெருக்கம்' என்ற சொல் தேனீயில் பொருந்தாதது எனக்கும் தெரியும், ஆண் தேனீயைப் பெறும் ராணி பறந்துபோய் இணைந்து வந்தவள்தான், அந்த முட்டைக்கு மட்டும் விந்தணு சேரவில்லை. ஆனால் அங்கே 'புணரா' என்று போட்டாலும் ராணியைக் குறிக்கிறதா முட்டையைக் குறிக்கிறதா என்ற அதே குழப்பம் வரும். அதற்குத் தனி இழை திறப்போம்.

இன்னும் ஒரு உதவி வேண்டும். ஆரஞ்சில் கரு சூல்திசுவிலிருந்து நேராக வருகிறது, அதற்குச் சூல்திசுக் கரு போதும். டேண்டிலையனில் அப்படியில்லை, சூலுக்குள் அண்டத்தைத் தாங்கும் பையான கருப்பை உண்டாகிறது, அண்டமும் இருக்கிறது, ஆனால் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகக் குறையவில்லை. நாம் குன்றல் பகுப்பு என்று சொல்லிப் பழகியிருப்பதால் இதைக் குன்றாக் கருப்பை என்று சொல்லலாமா? எனக்கு இது சட்டென்று பிடித்துப்போனது, அதனாலேயே வேறு கண்கள் பார்க்கட்டும் என்று இங்கே வைக்கிறேன்.