‘பயோஸ்டிமுலன்ட்’: வளர்ச்சி ஊக்கி என்றே சொல்லலாமா?

அன்புள்ள ஐயா,

குளிர்காலக் காய்கறிச் சாகுபடிக் கையேட்டில் பயோஸ்டிமுலன்ட் (கடற்பாசிச் சாறு போல, பயிர் சத்தெடுப்பதைத் தூண்டக் கொடுக்கும் பொருள்) வரும் இடமெல்லாம் ‘வளர்ச்சி ஊக்கி’ என்றே போடலாம் என்றீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெயரில் ஆக்சின், ஜிப்ரலின் போன்ற ஹார்மோன்களும் ஏற்கெனவே விற்கின்றன.

தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு வெப்பநிலை 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பூ காம்போடு உதிரும். அப்போது ஆக்சின் வகை மருந்தைப் பூங்கொத்தில் மட்டும் தெளித்தால் விதையில்லாமலே காய் பிடிக்கும். அதே மருந்து குருத்தில் பட்டால் இலை ஒடுங்கிச் சுருண்டுவிடும். கடற்பாசிச் சாறு அப்படியல்ல, செடி முழுவதும் நனையத் தெளிப்பது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், கையேட்டை நம்பித் தெளிப்பவரின் பயிர்தான் பாழாகும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு உர ஒழுங்குமுறை பயோஸ்டிமுலன்டைத் தெளிவாக வரையறுக்கிறது: தன்னிடமுள்ள சத்தைக் கொடுப்பதால் அல்லாமல், பயிர் சத்தெடுக்கும் செயலைத் தூண்டுவதால் பயன் தருவது. குளிர், வறட்சி போன்றவற்றைத் தாங்கும் திறனும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆகவே ‘தூண்டி’ பொருந்தும். ‘உயிர்த்தூண்டி’ வேண்டாம், உயிர் உரம்போல இதிலும் உயிருள்ள நுண்ணுயிர் இருப்பதாக நினைப்பார்கள். மக்கிய பொருளிலிருந்து எடுக்கும் ஹியூமிக் அமிலமும் இந்த வகைதான், அதில் ஏது உயிர்?

என் பரிந்துரை: பயிர்த்தூண்டி. ஹார்மோன்களுக்கு ‘வளர்ச்சி ஒழுங்குபடுத்தி’ இருக்கவே இருக்கிறது.

---

வணக்கம் அம்மா,

தக்காளி எடுத்துக்காட்டுக்குப் பிறகு ‘வளர்ச்சி ஊக்கி’யை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘தூண்டி’ என்றதும் உடனே பலன் தெரியும் என்று எதிர்பார்ப்பார்களே? மண் குளிர்ந்தால் வேர் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுப்பது குறைந்து, நாற்றின் இலையின் அடிப்புறம் ஊதா நிறமாகும். அதைப் பார்த்ததும் உரத்தை நிறுத்திவிட்டு பயோஸ்டிமுலன்டை மட்டும் தெளிப்பவர்கள் உண்டு. சொல்லோடு விளக்கமும் போக வேண்டும்: ‘உரத்துக்கு மாற்றல்ல, குளிர் தாக்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டியது.’

இன்னொன்று. வேர்ப்பூசணம் (வேரோடு கூடி வாழும் பூஞ்சை) போன்ற நுண்ணுயிர்களையும் அந்த ஒழுங்குமுறை இதில்தான் சேர்க்கிறது. அவற்றுக்கு?

---

ஐயா,

அவை ‘நுண்ணுயிர்ப் பயிர்த்தூண்டி’. மற்றவற்றுக்கு அடைமொழி வேண்டாம். உங்கள் விளக்க வரியை அப்படியே சேர்த்துவிடுகிறேன். முதல் பக்கத்திலேயே வரட்டும்.