குடும்பச் சேவை நிலைய முகப்பில் தொண்டூழியம்: வருபவரிடம் முதலில் என்ன கேட்பது?

ஈசூன்_மாலை (கேள்வி)

வணக்கம். அடுத்த வாரத்திலிருந்து சிங்கப்பூரில் எங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்தில் செவ்வாய் மாலை 6 முதல் 9 வரை முகப்பு மேசையில் உட்காரப் போகிறேன். அரைநாள் பயிற்சி முடிந்தது. ரகசியக் காப்பு, கணினிப் பதிவு, தீ விபத்து வழி, அவ்வளவுதான். வாசலில் நுழைபவரைப் பார்த்து முதலில் என்ன சொல்வது என்று யாரும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் தமிழ் பேசும் ஆள் நான் ஒருவர்தான், மொழிபெயர்க்கவும் கூப்பிடுவார்களாம்.

எவ்வளவு கேட்கலாம்? அழுதால் என்ன செய்வது? பணம் வேண்டும் என்று வருபவரை எங்கே அனுப்புவது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

முகப்பு_மேசை

"என்ன பிரச்சினை?" என்று மட்டும் தொடங்காதீர்கள். கேட்டால் நின்ற இடத்திலேயே கொட்டத் தொடங்கிவிடுவார். பின்னால் உட்கார்ந்திருக்கும் நாலு பேர் காதிலும் விழும். பிறகு அதையே சமூக ஊழியரிடம் மறுபடி சொல்ல வேண்டிவரும்போது களைப்பில் பாதியை விழுங்கிவிடுவார். விழுங்குவது பெரும்பாலும் முக்கியமான பாதியாகத்தான் இருக்கும்.

இப்படிக் கேளுங்கள்: "வாங்க, உட்காருங்க. யாரையாவது பார்க்க நேரம் குறிச்சிருக்கா, இல்ல இன்னைக்குத்தான் முதல் தடவையா?" இதிலேயே மூன்று வகையும் பிரிந்துவிடும். நேரம் குறித்து வந்தவர், புதிதாக வந்தவர், இடம் தவறி வந்தவர்.

புதியவரிடம் நான்கு விஷயம் போதும். எப்படிக் கூப்பிடலாம், எந்த புளோக் (அடுக்குமாடிக் கட்டட எண்; சேவை வட்டாரம் முகவரியைப் பொறுத்தது), எந்த எண்ணில் கூப்பிட்டால் பாதுகாப்பு, இன்றிரவு வீட்டுக்குத் திரும்பிப் போவதில் பயம் உண்டா. கடைசி இரண்டையும் வாயால் கேட்க வேண்டாம், சீட்டில் எழுதி நீட்டுங்கள். எழுத்து வராதவரை அறைக்குள் கூட்டிப் போய்க் கேளுங்கள். "பாதுகாப்பான எண்" என்று தனியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கைப்பேசியைக் கணவரோ மகனோ எடுத்துவிட்டால், "குடும்பச் சேவை நிலையத்திலிருந்து பேசறோம்" என்ற ஒரு வரியே வீட்டில் சண்டையாகிவிடும்.

அடையாள அட்டை எண்ணை முகப்பில் சத்தமாகச் சொல்லச் சொல்லாதீர்கள். வருகைப் பதிவேட்டில் எழுதி, அடுத்து வருபவர் கண்ணில் படும்படி விடவும் கூடாது. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், அதே புளோக்கில் குடியிருப்பவர் பக்கத்து நாற்காலியில் இருக்கலாம்.

கணினியில் பெயரைத் தேடும்போது நம்மவர்கள் பெயர்தான் படுத்தும். லட்சுமி என்பதை ஒருவர் எல்-ஏ-கே என்று தொடங்குவார், இன்னொருவர் எல்-இ-டி என்று. அட்டையில் தகப்பன் பெயர் சேர்ந்திருக்கும், பதிவில் இருக்காது. "கிடைக்கவில்லை" என்று புதுப் பதிவு திறந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு, இரண்டு ஊழியர். பெயரை விட்டுவிட்டுத் தொலைபேசி எண்ணையோ பிறந்த தேதியையோ வைத்துத் தேடுங்கள்.

காத்திருப்பு 40 நிமிடம் என்றால் 40 என்றே சொல்லுங்கள். "கொஞ்ச நேரம்" என்றால் பத்தாவது நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். கால் மணிக்கு ஒருமுறை அவரிடம் போய் நிலவரம் சொல்லுங்கள். சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் போங்கள்.

தேக்கா_தாத்தா

மேலே சொன்னதோடு ஒன்று. எல்லாரையும் "ஆன்ட்டி" என்று கூப்பிடும் பழக்கத்தை வாசலோடு விட்டுவிடுங்கள். நாற்பத்தைந்து வயதுக்காரர் முகம் சுருங்கிப் போகும். பேர் கேட்டு, "என்னன்னு கூப்பிடட்டும்?" என்றால் அவரே சொல்லிவிடுவார். முதியவர் என்றால் ஐயா, அம்மா.

"எந்த ஊரு?" என்று கேட்காதீர்கள். நீங்கள் பேச்சுக்குக் கேட்பீர்கள், அவர் காதில் "என்ன சாதி?" என்று விழும். அவர் உங்களைக் கேட்டால், "இங்கதான் ஐயா, ஈசூன்" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

இருமொழி

மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள் என்றீர்களே, முகப்பு வேலையைவிட அதில்தான் தவறு அதிகம் நடக்கிறது.

உட்காரும் முன் வந்தவரிடம் சொல்லுங்கள்: "நீங்க சொல்றது எல்லாத்தையும் அப்படியே அவங்ககிட்ட சொல்லிடுவேன், ஒண்ணும் விடமாட்டேன்." சொல்லாவிட்டால் நடுவில் "இத மட்டும் அவங்ககிட்ட சொல்லாத தம்பி" என்று வரும், அப்போது எந்தப் பக்கமும் நிற்க முடியாது. மூவரும் முக்கோணமாக உட்காருங்கள், வந்தவர் ஊழியரைப் பார்த்துப் பேசட்டும். இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தி மாற்றுங்கள். "அவர் சொல்கிறார்" என்று தொடங்காமல் அவர் பேசுவதுபோல் "நான்" என்றே சொல்லுங்கள். கூடவே பத்து வயதுப் பிள்ளை வந்து "நான் சொல்றேன்" என்றால் வேண்டாம். அப்பா அம்மாவை அடித்ததை அந்தப் பிள்ளை வாயால் சொல்ல வைக்கக் கூடாது.

இனி சொற்கள். சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஆபத்தானவை சில:

"கை நீட்டுவார்" என்றால் அடிப்பார். கையை நீட்டுகிறார் என்று ஆங்கிலத்தில் போனால் ஊழியர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். வன்முறைத் தகவல் அங்கேயே தொலைந்தது.

"எங்கேயாவது போயிடலாம் போல இருக்கு." வீட்டை விட்டா, உலகத்தை விட்டா? ஊகிக்காதீர்கள். சொன்னதைச் சொன்னபடி மாற்றி, "தமிழில் இதற்கு இரண்டு பொருள் வரும்" என்று ஊழியரிடம் சொல்லிவிடுங்கள். கேட்க வேண்டியதை அவர் கேட்பார்.

"நெஞ்ச அடைக்குது." துக்கமாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். வலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் பேச்சை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸுக்கு 995.

"பையன் சும்மா இருக்கான்" என்றால் வேலை இல்லை என்று பொருள், சோம்பேறி என்று அல்ல. "வீட்டுக்கு ஒண்ணும் தர்றதில்ல" என்பது செலவுக்குப் பணம் தராததைச் சொல்வது. "தண்ணி" எது என்று உங்களுக்குத் தெரியும், ஊழியருக்குத் தெரியாது.

தெரியாத சொல் வந்தால் தெரியாது என்று இரண்டு பேரிடமும் சொல்லுங்கள். நீங்களாக நிரப்பியது பிறகு நீதிமன்றத்துக்குப் போகும் அறிக்கையில்கூட உட்கார்ந்துவிடலாம்.

வழிகாட்டிப்_பலகை

பணம் பற்றி. குடும்பச் சேவை நிலையம் காம்கேர் (அரசின் நிதியுதவித் திட்டம்) பணம் கொடுக்கும் இடம் அல்ல. அது சமூக சேவை அலுவலகத்தின் வேலை. வெளியே யாருக்கும் இந்த வித்தியாசம் தெரியாது, தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. "இங்க இல்ல, அங்க போங்க" என்று கையைக் காட்டி அனுப்பினால் பாதிப் பேர் அங்கே போக மாட்டார்கள். காம்கேர் எண் 1800-222-0000. முடிந்தால் முகப்பிலிருந்தே கூப்பிட்டு, எந்த அலுவலகம், என்ன தாள்கள் கொண்டு போக வேண்டும் என்று கேட்டு எழுதிக் கொடுங்கள். பொதுவாக வருமானச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், மத்திய சேம நிதிக் கணக்கு, நிலுவைக் கட்டண ரசீதுகள் என்று கேட்பார்கள். சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான கணக்கு) கடவுச்சொல் மறந்தவர்கள் நிறைய. நீங்கள் உள்ளே நுழைந்து பார்க்காதீர்கள், அவர் கையாலேயே செய்யட்டும்.

பேச்சின் நடுவே "இன்னைக்குச் சாப்பாட்டுக்கே வழியில்ல" என்றால் அது வேறு வரிசை. உடனே பணி ஊழியரை (அன்று பணியில் இருக்கும் சமூக ஊழியரை)க் கூப்பிடுங்கள். நிலையத்தில் உணவுப் பை இருந்தால், கொடுக்குமுன் சைவமா, ஹலாலா என்று கேளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. வாடகை வீட்டு நிலுவை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கிளைக்கு, பராமரிப்புக் கட்டண நிலுவை நகர மன்றத்துக்கு. ஆ லோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) தொல்லை என்றால் 1800-924-5664, வீட்டில் மிரட்டல் நடந்துகொண்டிருந்தால் போலீசுக்கு 999. சம்பளம் வராத வெளிநாட்டு ஊழியர் என்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையம், 6536 2692. அடி உதை, பாலியல் தொல்லைக்கு 1800-777-0000, 24 மணி நேரமும் எடுப்பார்கள். இந்தியக் குடும்பங்களுக்கு சிண்டாவும் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) இருக்கிறது. இந்த எண்களை ஓர் அட்டையில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். மாதம் ஒருமுறை சரிபாருங்கள், எண்கள் மாறும்.

"கண்டிப்பா கிடைக்கும்" என்று எதற்கும் சொல்லாதீர்கள். தகுதியை முடிவு செய்வது நீங்கள் இல்லை. கிடைக்காமல் போனால் கோபம் உங்கள்மேல் வரும், அதுகூடப் பரவாயில்லை, மறுபடி உதவி கேட்கவே வரமாட்டார்.

ஈசூன்_மாலை

மிக்க நன்றி. தொலைபேசியும் நான்தான் எடுக்க வேண்டும். "என் வீட்டுக்காரி அங்க வந்தாளா?" என்று யாராவது கேட்டால்? அழுகை, கோபம் பற்றியும் சொல்லவில்லையே.

முகப்பு_மேசை

தொலைபேசிக்கு ஒரே பதில்: "யார் வந்தாங்க, வரலன்னு நாங்க யாருக்கும் சொல்றதில்ல. உங்களுக்கு உதவி வேணும்னா சொல்லுங்க." உண்மையிலேயே அவர் வராத நாளிலும் இதையேதான் சொல்ல வேண்டும். இன்று "வரல" என்று சொல்லிவிட்டு, வந்த நாளில் "சொல்ல முடியாது" என்றால் அதுவே "வந்திருக்கிறாள்" என்று சொன்ன மாதிரி. அழைப்பைக் குறித்துவைத்துப் பணி ஊழியரிடம் உடனே சொல்லுங்கள். அந்தப் பெண் உள்ளே இருந்தால், வெளியேறும் நேரமும் வழியும் மாற வேண்டியிருக்கும்.

அழுதால், "அழாதீங்க" என்று சொல்லாதீர்கள். டிஷ்யூ பெட்டியை எட்டும் தூரத்துக்கு நகர்த்தி வையுங்கள், உருவி நீட்டினால் "போதும், துடைச்சுக்கோ" என்றது போல ஆகும். தொடாதீர்கள். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "உள்ள அமைதியா உட்காரலாமா?" என்று கேளுங்கள்.

கத்தினால் உங்கள் குரலைக் கீழே இறக்குங்கள், மேசை நடுவில் இருக்கட்டும், கதவுக்கும் அவருக்கும் இடையில் நிற்காதீர்கள். விதிமுறையை எடுத்து ஓதும் நேரம் அது அல்ல. சக ஊழியரைக் கூப்பிட ஏதாவது ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சாவைப் பற்றிப் பேசினால் அவரைத் தனியே விடக்கூடாது, கழிப்பறைக்குப் போனாலும் வாசலில் ஆள் நிற்கட்டும். பணி ஊழியரை நீங்கள் போய்த் தேடாதீர்கள், வேறு ஒருவரை அனுப்புங்கள். மாத்திரை எதையாவது விழுங்கியிருந்தால் 995. நிலையம் மூடிய பிறகு தேவைப்பட்டால் எஸ்ஓஎஸ் (தற்கொலைத் தடுப்பு அமைப்பு), 1767. "போலீஸ் பிடிச்சிடுமே" என்ற பயத்தில் வாயைத் திறக்காதவர்கள் இன்னும் உண்டு. தற்கொலை முயற்சி இங்கே 2020 ஜனவரி 1 முதல் குற்றம் அல்ல, அதைத் தெளிவாகச் சொல்லலாம்.

குறிப்பு எழுதும்போது கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "குடித்துவிட்டு வந்தார்" வேண்டாம், "பேச்சு குழறியது, தள்ளாடினார்" போதும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலும் பக்கவாதம் வந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

தேக்கா_தாத்தா

தெரிந்த முகம் வந்தால்? கோயிலிலோ பிள்ளையின் தமிழ் வகுப்பிலோ பார்த்தவர் நிச்சயம் ஒருநாள் வருவார், நம் கூட்டம் சின்னது. முகப்பிலேயே கேளுங்கள்: "நான் இருக்கறது உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேற ஆளை வரச் சொல்றேன்." பிறகு மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். அவரது கோப்பைத் திறக்காதீர்கள், அவருக்கு மொழிபெயர்க்கவும் போகாதீர்கள். வெளியே பார்த்தால் அவர் பேசும்வரை நீங்கள் பேசவேண்டாம், பேசினாலும் நிலையத்தைப் பற்றி இல்லை.

சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுக்காதீர்கள். ராத்திரி 2 மணிக்கு வாட்ஸ்அப் வரும், பார்க்காமல் தூங்கினாலும் வம்பு, பார்த்தாலும் வம்பு. தீபாவளிக்கு முறுக்கு டப்பா வந்தால் நிலையத்தின் விதியைப் பாருங்கள். அனுமதி உண்டென்றால் எல்லாரும் எடுக்கிற மேசையில் வையுங்கள்.

முகப்பு_மேசை

முதல் நாள் 5.40க்கே போய்விடுங்கள். அன்றைய பணி ஊழியர் பெயர், உள் எண், எந்த அறை காலி, அவசரப் பொத்தான் எங்கே என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காத்திருப்பவர் கண்ணில் படாதபடி திரையைத் திருப்பி வையுங்கள். 9 மணிக்குச் சீட்டுகளைக் கிழிக்கும் கருவியில் போட்டு, கணினியிலிருந்து வெளியேறி, நடந்ததை ஐந்து நிமிடம் பணி ஊழியரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பேனா இரண்டு எடுத்துப் போங்கள், முகப்புப் பேனா எப்போதும் எழுதாது.